பிளானில் நிற்கும் சாம்பை மரம்

கரமனை
2024 ஏப்ரல் 22

பத்மாக்காவுக்கு,

திவ்யா எழுதுகிறேன். உன் கடிதம் தாசம்மாள் அக்காவின் தையல் கடைக்கு வந்து சேர்ந்தது. வெட்டி வைத்த ரவிக்கைத் துணிக்கு நடுவில் மடித்து என் மெஷின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நூல் வாங்கப் போய்விட்டாள். கழக்கூட்டத்திலிருந்து கரமனைக்கு, ஒரே ஊருக்குள், ஒரு கடிதம் வர மூன்று நாள் ஆகிறது. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம். இதை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு வரவில்லை.

ஏன் போனில் பேசக்கூடாது என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். இந்த வீட்டிலிருந்து யாரும் உன்னைக் கூப்பிடக் கூடாது என்று அப்பா சொன்னது ஒரு காரணம். மற்றது உனக்கே தெரியும். அன்றைக்குத் தாசம்மாள் அக்காவின் போனில் உன் குரல் கேட்டதும் எனக்கு "ம்" மட்டும்தான் வந்தது. சாப்பிட்டாயா என்றாய், ம். அம்மை சுகமா என்றாய், ம். அழுகிறாயா என்றாய், அதற்கும் ம். போனை வைத்த பிறகு எல்லாம் வந்தது. மெஷினில் உட்கார்ந்து மனசுக்குள் உன்னிடம் பேசிக்கொண்டே ஒரு பாவாடையை நாடா நுழைக்க வழியில்லாமல் நான்கு பக்கமும் தைத்து மூடிவிட்டேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

இனி செய்தி. அம்மை பின்முற்றத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். பயப்படாதே, மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கோடை மழை பெய்து மண்ணெல்லாம் பாசி. ஊரில் உள்ள ஓடைகளையெல்லாம் சரி செய்த ஓவர்சியர் வீட்டு முற்றத்தில் அவர் பெண்டாட்டியே விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டு ஸ்ரீனிவாசன் மாமா சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. ஜூனில் எடவப்பாதி மழை தொடங்குவதற்குள் முற்றம் முழுவதையும் கான்க்ரீட் போட்டு மூடப்போகிறேன் என்றார். மூடிவிட்டால் கோலம் எங்கே போடுவது, கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து ஊறும் என்று அம்மை சண்டைக்கு வந்தாள். மாமா வீட்டில் கல்லும் புல்லுமாகப் போட்டிருப்பதுபோல டிசைனர் வைத்துச் செய்யலாம் என்றாள். "முத்தத்துக்கு டிசைனராக்கும்? நாளைக்கு துவையல் அரைக்க இஞ்சினியர் கேப்பே" என்றார் அப்பா. ஆனால் கான்க்ரீட் பேச்சு அதோடு நின்றது.

நீ முற்றங்களுக்குப் பிளான் வரைகிற கம்பெனியின் கார்டு ஒன்றை முன்பு கடிதத்தோடு அனுப்பியிருந்தாய் அல்லவா? அதை அப்பாவின் கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் வைத்தேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் சாயங்காலம் வரை குளியலறையிலும் அடுக்களையிலுமாக ஒளிந்து திரிந்தேன். அப்பா கேட்கவில்லை. யாரோ கேட்டில் செருகிவிட்டுப் போனதாக நினைத்திருப்பார். நேற்று அந்த நம்பரைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை ஒருவர் வருகிறாராம்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கோபப்படாதே. உன் இடத்திலிருந்து வந்த ஒரு காகிதமாவது இந்த வீட்டில் மறைக்காமல் மேஜைமேல் கிடக்கட்டும் என்று தோன்றியது.

அத்தானை விசாரித்ததாக எழுதி அடித்திருக்கிறேன், தெரிகிறதா? அவரை என்னவென்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்.

திவ்யா


கழக்கூட்டம்
2024 ஏப்ரல் 28

திவிக்குட்டிக்கு,

அடி ஊமைக்குசும்பி. உன்னால் இப்படியும் செய்ய முடியுமா?

கரமனை போய்வந்த அபிஜித் எங்கள் சைட் இஞ்சினியர். வெள்ளிக்கிழமை காலை முகமெல்லாம் சிவந்து வந்து நாற்காலியில் விழுந்தான். கரமனையில் ஒரு கிழட்டு அம்மாவன் இருக்கிறார், இனி என்னை அங்கே அனுப்பினால் வேலையை விட்டுவிடுவேன் என்றான். என்ன நடந்தது என்று எல்லாரும் சுற்றி நின்று கேட்டோம். நானும் நின்றேன்.

அவன் வழக்கமாகக் காட்டும் படத்தை டேப்லெட்டில் காட்டியிருக்கிறான். வெள்ளைக் கூழாங்கல், ஒரு புத்தர், மூங்கில், பெஞ்சில் தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரி. அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்த அம்மா ஆரு? எங்க வீட்டுல இப்பிடி ஆரும் இல்லியே" என்று கேட்டாராம். பிறகு மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டாராம். டிரெயினேஜுக்குப் போகும் சார் என்று இவன் சொல்ல, எந்த டிரெயினேஜ், காட்டு என்று வெயிலில் சுவர் சுவராகக் கூட்டிக்கொண்டு நடந்தாராம். அபிஜித் அப்பாவைப்போலவே இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து நடித்துக் காட்டினான். நன்றாகவே நடித்தான். ஆபீஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பா நிற்கிற விதத்தை இன்னொருத்தன் உடம்பில் பார்க்கிறேன், திவி.

மத்தியானம் சுப்ரியா மேடம் அந்த வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். எங்கள் ஆபீசுக்கு அவர்தான் தலை. தமிழ் கிளையன்ட், நீதான் சரி என்றார். அது என் அப்பா என்று நான் சொல்லவில்லை. இங்கே என் பெயர் பத்மஜா ஜிபின், யாருக்கும் தெரிய வழியில்லை.

படம் வரைகிறவர் ஒரு தடவையாவது நேரில் போய் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். பிறகு போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே நீதான் எனக்குக் கண். அபிஜித் முன்பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு ஓடி வந்திருக்கிறான். பின்பக்கம் முழுவதும் அளந்து அனுப்பு. அளவு மட்டும் போதாது. தண்ணீர் எங்கே நிற்கிறது, துணி எங்கே காய்கிறது, அப்பா எங்கே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், சாயங்கால வெயில் யார் முகத்தில் அடிக்கிறது, எல்லாம் வேண்டும். எந்த வீட்டுக்குப் போனாலும் நாங்கள் கேட்கிற கேள்விதான். இந்த வீட்டுக்கு எனக்குப் பதில் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த பதிலெல்லாம் பழசு. வேற்றாளுக்குச் சொல்கிற மாதிரி சொல்.

ஒன்று கேட்கிறேன், "ம்" என்று எழுதாதே. நான் போன பிறகு வகுப்பில் எல்லாரும் கேட்டார்கள், உனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தானே பத்தாம் வகுப்போடு நின்றாய்? திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவது எழுதலாம். வகுப்பில் எழுந்து நிற்க வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம். யோசித்துப் பார்.

நீ எழுதி அடித்த வரியை ஜிபினிடம் காட்டினேன். "ஏய்" என்று எழுதினாலும் சம்மதம் என்கிறார்.

அக்கா


கரமனை
2024 மே 5

பத்மாக்காவுக்கு,

அளவுகள் தனித் தாளில் இருக்கின்றன. முதலில் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு சுவருக்குள் எத்தனை ரவிக்கை அடங்கும் என்றுதான் அதில் தெரிந்தது. பிறகு அப்பாவின் அலமாரியிலிருந்து இரும்பு டேப்பை எடுத்தேன். ஒரு முனையைக் கல்லை வைத்து அழுத்திவிட்டு மறுமுனைக்கு ஓடினால் கல் நகர்ந்துவிடுகிறது. அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். என்ன செய்கிறாய் என்றார். கம்பெனிக்காரர்கள் அளவு கேட்டார்கள் என்றேன். அவர் குனிந்து டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். அவர் எண்ணைச் சொல்ல நான் எழுதினேன். கிணற்றடி, துவைகல், ஆற்றுப்பக்கச் சுவர் என்று முற்றம் முழுக்க அப்படியே நடந்தோம். இவ்வளவு நேரம் நானும் அப்பாவும் ஒரே வேலையில் நின்றதில்லை. இந்த எண்ணெல்லாம் யாருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்கு அது பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். மழைத்தண்ணீர் முன்பக்கத்திலிருந்து மேற்குச் சுவரை ஒட்டி வந்து அடுக்களைப் படியில் நின்றுவிடுகிறது. அங்கேதான் அம்மை விழுந்தாள். துணிக்கொடி இப்போது கிணற்றுக்கு இந்தப் பக்கம். அம்மை கையில் கட்டோடு இருப்பதால் கோலம் நான்தான் போடுகிறேன். என் கோடு நேராக வரவில்லை, ஆனாலும் அம்மை வந்து கலைத்துத் திரும்பப் போடுவதில்லை. புல் மேல் கோலம் வராது. வழவழப்பான டைல்ஸிலும் வராது, காற்றடித்தால் மாவு போய்விடும்.

அப்பா வெளியே பேப்பர் படிப்பதில்லை. நீ போனதிலிருந்து உள்ளே டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு படிக்கிறார். முன்முற்றத்தில் உட்கார்ந்தால் ரோட்டில் போகிறவர்கள் நின்று மூத்த மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறார்கள். டிசைனரிடம் சொல்ல வேண்டியது இதுதானே? அவர் வெளியே உட்கார வேண்டும், ரோட்டிலிருந்து தெரியக் கூடாது. அப்படி ஏதாவது செய்ய முடியுமா?

நான் எங்கே உட்காருவேன் என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். சாயங்காலம் பின்னால் துவைகல்லில். அங்கே இருந்தால் பாலத்தில் பஸ் ஏறுகிற சத்தம் கேட்கும். எந்த பஸ் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. எல்லா பஸ்ஸும் உன்னிடமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வேன். நின்றுவிட்டுப் புறப்படுகிற சத்தம் கேட்டதும் கொஞ்ச நேரம் கேட்டைப் பார்ப்பேன்.

படிப்பு விஷயம் யோசிக்கிறேன். இது "ம்" இல்லை.

திவ்யா


கழக்கூட்டம்
2024 மே 14

திவிக்கு,

பிளான் முடிந்தது. வியாழக்கிழமை அபிஜித் கொண்டு வருவான். மேடம் கெஞ்சிய பிறகுதான் சம்மதித்தான். கேட்டுக்கு வெளியே நின்று கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவானாம். நீ பார்க்கும்போது எது ஏன் என்று தெரிய வேண்டுமே, அதனால் எழுதுகிறேன்.

மேற்குச் சுவரோரம் ஒரு ஓடை, மேலே கல்மூடி. அடுக்களைப் படிக்குத் தண்ணீர் வராது. நேராகக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மழைக்குழிக்குப் போகும். அம்மை கேட்டதுபோலக் கிணறு ஊறும். அம்மை நடக்கிற வழியெல்லாம் சொரசொரப்பான கல். புல் வேண்டுமென்றால் ஓரத்தில் மட்டும். கேட்டுக்கு உள்ளே ஒரு பெரிய கருங்கல் பலகை, மாவு பிடிக்கக் கொத்தின முகம், கோலத்துக்கு. மேடம் இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். இதையெல்லாம் அந்த கிளையன்ட் சொன்னாரா என்றார். அவர் வீட்டுப் பெண் சொன்னாள் என்றேன். பொய் இல்லையே.

அப்பாவுக்குத் தெற்கு மூலையில் ஒரு இடம். முன்னால் நந்தியாவட்டை வரிசை. அவருக்கு ரோடு தெரியும், ரோட்டுக்கு அவர் தெரியமாட்டார். அந்த நாலடி இடத்தை வரைய எனக்கு இரண்டு சாயங்காலம் ஆயிற்று. வரைந்து முடித்து, அதில் ஒரு நாற்காலி போட்டு, நாற்காலியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஜிபின் எட்டிப் பார்த்து, வீட்டைப் பார்த்துத் திருப்பிப் போடேன் என்றார். அவரை உனக்கு இன்னும் தெரியாது, திவி.

துவைகல்லை எடுக்கவில்லை. அதை ஒட்டி உனக்கு ஒரு பெஞ்ச். பஸ் சத்தத்தை மட்டும் என்னால் வரைய முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், நல்ல டிசைனருக்கு உதவியாளாக உன்னை வைக்க முடியாது. இவ்வளவு அளந்தவள் கிணற்றடிச் சாம்பை மரத்தைக் குறிக்கவே இல்லையே? இருக்கிற மரத்தை விட்டுவிட்டு யாராவது பிளான் போடுவார்களா? நானே போட்டுவிட்டேன். எந்த அளவும் வேண்டாம், கண்ணை மூடினாலும் அது எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து கையை நீட்டினால் முதல் கிளை. மணி மணியாக ரோஸ் நிறத்தில் சாம்பக்காய் கிணற்றுக்குள் விழுந்து மிதக்கும், அப்பா வாளியால் கோரிக்கொண்டே திட்டுவார், நாம் அந்த வாளியிலிருந்தே எடுத்து உப்பு தொட்டுத் தின்போம். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி வட்டம் போட்டு "இருக்கும் மரம், வெட்டக் கூடாது" என்று எழுதியிருக்கிறேன். உன் பெஞ்ச் அதன் நிழலில்தான்.

பார்த்துவிட்டு அப்பா என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் எழுது. நன்றாக இல்லை என்று சொன்னாலும் எழுது.

அக்கா


கரமனை
2024 மே 20

பத்மாக்காவுக்கு,

அபிஜித் பிளானைக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் உன் கடிதம் எனக்குக் கிடைத்தது. முன்னால் கிடைத்திருந்தால் எப்படியாவது தடுத்திருப்பேன்.

சாம்பை மரம் இல்லை, அக்கா. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில், துலா மழையில் விழுந்துவிட்டது. ஆற்றுப்பக்கச் சுவரில் சாய்ந்து கிடந்தது. அப்பா ஆள் வைத்து அறுத்து எடுத்தார். குழியை மண் போட்டு நிரப்பி இப்போது அங்கே ஒன்றும் தெரியாது. அளக்கும்போது எனக்கு நினைவே வரவில்லை, இல்லாததை எப்படி அளப்பது? உனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா பிளானைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து மூலைக்கொரு தம்ளரை வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அம்மையும் நானும் பின்னால் நின்றோம். ஓடையின் கோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். "வெள்ளம் போற வழி தெரிஞ்ச ஆளாக்கும்" என்று அம்மையிடம் சொன்னார். அப்பா யாரையும் புகழ்ந்து நீ கேட்டிருக்கிறாயா? கோலக்கல்லைப் பார்த்து அம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். தெற்கு மூலை நாற்காலிக்கு வந்ததும் அப்பாவின் விரல் கொஞ்சம் நின்றது. எனக்கு உன்னிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும்போல இருந்தது.

பிறகு விரல் கிணற்றடிக்கு வந்து நின்றது. அதில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். எழுந்து பின்முற்றத்துக்குப் போனார். மரம் நின்ற இடத்தில் நின்றார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"அளவு நீதானே குடுத்தே?"

ம் என்றேன்.

"மரம் உண்டுன்னு சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

தம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு பிளானைச் சுருட்டினார். இங்கே மரம் இருந்தது என்று தெரிந்து, அது போனது தெரியாத ஆள் யார் என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அம்மைக்கும் தெரிந்துவிட்டது. அடுக்களையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனதும் சொன்னாள், "மரம் விழுந்தத ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொன்னோம். அவகிட்ட சொல்ல ஒருத்தருக்கும் தோணல்லியே, மக்கா." மூன்று வருஷத்தில் அம்மை உன்னைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை வரை அப்பா யாரிடமும் பேசவில்லை. இன்று காலை கம்பெனிக்குப் போன் செய்தார். மேடம்தான் எடுத்திருக்க வேண்டும். வரைந்த ஆள் நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும், அந்தப் பையன் வேண்டாம், வரைந்த ஆள்தான் வர வேண்டும், இல்லாத மரத்தைப் போட்டிருக்கிறது, பார்க்காமல் வரைந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். குரலை உயர்த்தவில்லை. கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் முகத்தை இப்போது நான் பார்க்கிறேன், முன்பு பார்க்க மாட்டேன். ஆனாலும் படிக்கத் தெரியவில்லை.

வருவாயா?

திவ்யா


கழக்கூட்டம்
2024 மே 24

திவி,

நேற்று மேடம் கூப்பிட்டு, கரமனைக்காரர் உன்னைக் கேட்கிறார் என்றார். காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தால் உன் கடிதம் கிடக்கிறது.

அந்த மரம் இல்லை என்பதை ஒரு கம்பெனி பிளான் மூலமாக நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. யாரையும் சொல்லவில்லை. நான் எதை நினைத்துத் தூங்குகிறேனோ அது அங்கே இல்லை என்றால், இன்னும் என்னென்ன இல்லை என்று ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

பிளானைத் திருத்திவிட்டேன். வட்டத்தை எடுத்துவிட்டேன். திருத்திய பிளானை அபிஜித் கொண்டு வருவான். தவறு நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும் என்று கம்பெனி பெயரில் ஒரு வரி இருக்கும். அதோடு இந்த வேலை முடியட்டும். ஓடை நல்ல ஓடை, அதை மட்டும் போடச் சொல்.

நான் வரமாட்டேன். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும். எங்கள் கல்யாணத்தன்று நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். ரெஜிஸ்டர் ஆபீசிலிருந்து நேராக நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குத்தான் வந்தோம். அப்பா கேட்டை எனக்கு மட்டும் திறந்தார். "உன் துணிமணிய எடுத்துட்டுப் போ. அந்த ஆளு ரோட்டுல நிக்கட்டும்" என்றார். மழை பெய்தது. நான் உள்ளே பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜிபின், அம்மைக்கென்று வாங்கின புடவைப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார். தெருவே பார்த்தது. அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ போய்வா, நான் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்றுதான் இப்போதும் சொல்கிறார். அதனால்தான் முடியாது. டிசைனர் என்று பெயர் வைத்து நான் மட்டும் உள்ளே போய் நிற்க, அவரை மறுபடியும் ஒரு ரோட்டில் நிறுத்த என்னால் முடியாது.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அதை மட்டும் நம்பு.

அக்கா


கரமனை
2024 மே 29

அக்கா,

இதைத் தபாலில் போட்டால் நேரத்துக்குச் சேராது. திருத்தின பிளானைத் திருப்பி எடுத்துப்போக அபிஜித் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறார். நானே போய் அவரிடம் பேசினேன். பத்மஜா என் அக்கா, இதை அவள் கையில் கொடுக்க வேண்டும், கொஞ்சம் நில்லுங்கள் என்று மலையாளத்தில் முழுசாகச் சொன்னேன். அவர் கேட்டுக்குள் எட்டி அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பாவைப்போல நடித்துக் காட்டினது நினைவு வந்திருக்கும்.

நேற்று அவர் திருத்தின பிளானைக் கொண்டுவந்தபோது அப்பா நேராகக் கிணற்றடியைத்தான் பார்த்தார். அங்கே வெள்ளைத் தாள் மட்டும் இருந்தது.

"மரத்த ஆரு எடுத்தா?" என்று கேட்டார்.

மரம் இல்லை என்று சார்தானே சொன்னது என்றார் அபிஜித்.

"எடுக்கவா சொன்னேன்? வந்து பாக்கல்லா சொன்னேன்."

புதுப் பிளானைச் சுருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டார். கம்பெனிக்கு என்ன பதில் என்று யோசிக்க வேண்டும், நாளை வந்து இதை எடுத்துப்போ என்றார். பிறகு பழைய பிளானை விரித்து, ஸ்கேலை வைத்து, கிணற்றுச் சுவரிலிருந்து உன் வட்டத்தின் நடு வரைக்கும் அளந்தார். டேப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். என்னைக் கூப்பிடவில்லை, நானாகப் போய் முனையைப் பிடித்தேன். பிளானில் இருக்கிற இடத்திலேயே ஒரு குச்சியை அடித்தார். பழைய மரம் நின்றது அங்கே இல்லை, அக்கா, சுவரை ஒட்டி இன்னும் கொஞ்சம் தள்ளி. நீ கண்ணை மூடிப் போட்டாய் அல்லவா. அப்பாவுக்கும் தெரியும். இருந்தும் நீ போட்ட இடத்திலேயே அடித்தார். முட்டுவலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து குழியைத் தோண்டினார். ஆள் கூப்பிடலாமே என்றதற்கு மண்வெட்டியை இன்னும் ஆழமாக இறக்கினார். அடுக்களைப் படியில் நின்ற அம்மை என் காதில் சொன்னாள், "காலம் பூரா பூமிக்கு ஏத்த மாதிரி பிளானத் திருத்தின மனுசன், இன்னைக்கு பூமியத் திருத்துகாரு, பாத்தியா."

குழி மட்டும்தான், செடி வாங்கவில்லை. எப்போது வாங்குவது என்று அம்மை கேட்டாள். சிவப்புச் சாம்பையா வெள்ளைச் சாம்பையா என்று பிளானில் போடவில்லை, போட்டவர்கள் வந்து சொல்லட்டும் என்றார்.

அப்போது உன் கடிதம் என் இடுப்பில் இருந்தது. காலையில்தான் கடையில் படித்திருந்தேன். அப்பா குனிந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அக்கா தனியா வரமாட்டா, அப்பா."

அப்பாவின் முன்னால் அக்கா என்ற சொல்லை நான் சொல்லி மூன்று வருஷம் ஆயிற்று. மண்வெட்டி நின்றது. அம்மை உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று மீதியையும் சொல்லிவிட்டேன். "அத்தான் அன்னைக்கு மழையில ரோட்டுல நின்னாரு. இனி அவர அங்க நிறுத்திட்டு அவ உள்ள வரமாட்டா."

குழிக்குள் ஒரு வேர் கிடந்தது, பழைய மரத்தின் வேராக இருக்கும், அப்பா அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. பிறகு எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்துச் சொன்னார்.

"சைட் பாக்க எத்தன பேரு வாறாங்கன்னு நான் எண்ணப் போறதில்ல. ரோட்டுல ஆரும் நிக்கண்டாம்னு சொல்லு."

இது அப்படியே அவர் சொன்னது. ஒரு எழுத்து நான் சேர்க்கவில்லை, குறைக்கவில்லை. கோபமா வேறு ஏதாவதா என்று போன கடிதத்தில் தெரியவில்லை என்றேன். இப்போது தெரியும். கையைக் கழுவிவிட்டு வந்து அவரே கம்பெனிக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை காலை என்று சொல்லியிருக்கிறார். மழை வருவதற்கு முன்னால் வந்தால் நல்லது என்றும் சொன்னார். போனில் அவர் குரல் கரகரத்தது. மண்தூசி என்று அம்மையிடம் சொன்னார்.

அபிஜித் ஹாரன் அடிக்கிறார். அம்மை பக்கத்தில் நின்று, அத்தானுக்குப் புளிக்கறி ஒத்துக்கொள்ளுமா, மோர் ஊற்றி உண்பாரா, மிளகாய் எரிவு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு எழுதச் சொல்கிறாள். இதற்கெல்லாம் பதில் எழுதாதே. வந்து சொல்.

திவ்யா